ரட்சிக்கப்பட்ட தேதி

இன்னும் ஆறு பேர். ஆறு பேரும் முங்கி எந்திரிச்சதும் ஏழாவதா என் பேர் வரும், நான் ஆத்துக்குள்ள இறங்கணும், இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு மைக்கைப் பிடிச்சுச் சொல்லணும், இன்ன வருசம் இன்ன மாசம் இன்ன தேதியில கர்த்தர் என்னைக் கூப்பிட்டார், அன்னைக்கு நான் ரட்சிக்கப்பட்டேன்னு. சொல்லமாட்டேன். ஞானஸ்நான ஃபாரத்துல நான் எழுதிக்குடுத்த தேதி பொய், அதை இந்தத் தண்ணியில வச்சு வாயைத் திறந்து சொல்லமாட்டேன், நேத்தே முடிவு பண்ணியாச்சு. இப்ப கால் பின்னால இழுக்குன்னா அது காலோட குத்தம், என் குத்தம் இல்ல. நடங்க காலே. மணல் சில்லுன்னு இருக்கு, காலை ஏழு மணிக்குத் தாமிரபரணி மணல் பின்ன எப்படி இருக்கும். வெள்ளைச் சேலையில பதினோரு ஊக்கு குத்தியிருக்கேன், முங்கும்போது சேலை மேல எழும்பிரக் கூடாதுன்னு பாஸ்டரம்மா நேத்து வகுப்புல சொன்னாக, அதுல ஒரு ஊக்கு வாய் திறந்து விலாவுல குத்துது, கையை விட்டு எடுக்கலாம்னா நாப்பது பேர் கரையில பார்த்துக்கிட்டு நிக்காக. குத்தட்டும். அந்தா எங்க வீட்டுக்காரர், ஜெயசீலன், சபையில மூப்பர், ஒரு கையில மஞ்சத் துண்டு, ஒரு கையில எனக்கு மாத்துச் சேலை வச்ச பை, இப்பவே கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்காக. இன்னும் நான் தண்ணியைத் தொடவே இல்ல, அதுக்குள்ள என்ன அழுகை. பாவி மனுசன். அவுகளுக்குத் தெரியாது. அந்தப் பொய்யை நெசம்னு நம்பித்தான் அழுதாக.

ஃபாரத்துல மூணே கேள்விதான். பேரு, வயசு, ரட்சிக்கப்பட்ட நாள். பேரு லில்லிபுஷ்பம், வயசு அம்பத்திரெண்டு, அதுக்குப் பிறகு பேனா நகரல. வகுப்புல பக்கத்துல இருந்த மரகதம் சடசடன்னு எழுதிக்கிட்டே போறா. எழுதி முடிச்சுட்டு என் ஃபாரத்தை வேற எட்டிப் பார்க்கா, பரீட்சை ஹால்ல பார்க்குற மாதிரி. எனக்கு ரோஷம் வந்துட்டு. இவளே எழுதும்போது எனக்கு என்னன்னு மனசுல முதல்ல வந்த தேதியை எழுதிட்டேன், ரெண்டாயிரத்து ஒம்பது மார்ச் பதினாலு. எழுதின பிறகுதான் யோசிக்கேன், இது என்ன தேதி, எங்கேயோ கேட்ட தேதியா இருக்கேன்னு. எங்க வீட்டுக்கு கேஸ் கனெக்‌ஷன் வந்த தேதி. சிலிண்டரைத் தூக்கி வந்து அடுப்படியில வச்சுட்டுப் போன தேதி. சிரிப்பாணியா வருது, சிரிக்கக் கூடாது, கர்த்தர் சமூகத்துல நின்னுக்கிட்டு சிரிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து அவுகிட்டச் சொன்னேன் பாருங்க, அதுதான் நான் பண்ணின பெரிய தப்பு. "ஏளா, அன்னைக்குத்தான நமக்கு கேஸ் வந்துச்சு! ஒரே நாள்ல ரெண்டு ஆசீர்வாதமா! இத்தனை வருசம் வாயைத் திறக்காம மறைச்சு வச்சிருந்தியா?"ன்னு அந்த மனுசன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதாக. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா சிவப்பு மையால பைபிள் முதல் பக்கத்துல, அவுக தேதிக்குக் கீழ, என் தேதியை எழுதிட்டாக. அந்தப் பக்கத்துல பதிமூணு வருசமா என் பேருக்கு நேரா ஒரு இடம் காலியாக் கிடந்துச்சு, அதைப் பார்க்கும்போதெல்லாம் பந்தியில எனக்கு மட்டும் இலை போடாத மாதிரி இருக்கும். அந்த இடத்துல இப்ப ஒரு கேஸ் சிலிண்டர் உக்காந்திருக்கு.

அஞ்சு பேர். முதல் ஆள் எந்திரிச்சாச்சு, பாட்டு, கைதட்டு. அந்தத் தம்பி மூக்குக்குள்ள தண்ணி போயி இருமுதான். நானும் மூக்கைப் பிடிச்சுக்கணும். எங்க வீட்டுக்காரர் தேதி நெசமான தேதி, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கன்வென்ஷன் பந்தல், மூணாம் நாள் சாயங்காலம், பிரசங்கியார் கையை நீட்டி, உன்னைத்தான் கூப்பிடுதார், பக்கத்துல இருக்கிறவனைப் பார்க்காதே, உன்னைத்தான்னு சொன்னதும் இவுக பாயை விட்டு எந்திரிச்சு ஓடுனாக. வேட்டி தடுக்கி விழப் பார்த்தாக. செருப்பைக்கூடப் போடல. நான் ரெண்டு செருப்பையும் கையில எடுத்துக்கிட்டு, காணாமப் போயிரக் கூடாதேன்னு, பந்தல் ஓரமா நின்னேன். எல்லாரும் அழுதாக. நானும் அழணும்னு கண்ணை இறுக்கி மூடினேன், வீட்டுல பாலைக் காய்ச்சாம வச்சுட்டு வந்தது ஞாபகம் வந்துச்சு. கர்த்தர் அவ்வளவு பெரிய பந்தல்ல அத்தனை பேரைக் கூப்பிட்டார், எனக்குப் பால்தான் கூப்பிட்டுச்சு. அதுக்குப் பிறகு எத்தனை கன்வென்ஷன், எத்தனை உபவாசம், முழங்கால் காய்ச்சுப்போச்சு. மின்னல் அடிக்கல, நெஞ்சுல சூடு ஏறல, சத்தம் ஒண்ணும் கேக்கல. ரெண்டு தடவை பாஸ்டரையாகிட்டப் போயி எனக்கு ஞானஸ்நானம் குடுங்கன்னு கேட்டேன். ரெண்டு தடவையும், எப்பம்மா ரட்சிக்கப்பட்டீங்கன்னு கேட்டாக. தெரியல ஐயான்னேன். திட்டல, கோவிக்கல, ஜெபிச்சுக் காத்திருங்கன்னாக. திட்டியிருந்தாக்கூட பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். இந்தச் சபையில யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான், சாப்பிட்டியான்னு கேக்குற மாதிரி, நீங்க எப்ப ரட்சிக்கப்பட்டீங்க சிஸ்டர். மூப்பர் பொஞ்சாதிக்குத் தேதி இல்ல. பால்காரனுக்கு இருக்கு, எனக்கு இல்ல. மூணாவது தடவை பொய் சொன்னேன். சரி, சொன்னேன். கர்த்தர் அடிக்கணும்னா அடிக்கட்டும்.

நாலு பேர். எதிர்க்கரையில ஒருத்தர் மாட்டைக் குளிப்பாட்டுதார், நம்ம பாட்டுக்கும் கைதட்டுக்கும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கல. மாடு பார்க்குது. போன வாரம் வகுப்புல பாஸ்டரையா சொன்னாக, கூப்பிடுறது ரெண்டு விதம்னு. ஒண்ணு வெளிக் கூப்பாடு, சுவிசேஷம் எல்லாருக்கும் பொதுவாப் போறது, அதைக் கேட்டும் உக்காந்திருக்கிறவன் உக்காந்திருப்பான். இன்னொண்ணு உள்ள இருந்து ஆவியானவர் கூப்பிடுறது, அது வந்துட்டா மனுசன் எந்திரிச்சு வந்துதான் ஆகணும், சுயமா வர்றவன் ஒருத்தனும் இல்ல, அவர் இழுத்தாத்தான் வருவான்னாக. அதைக் கேட்டு மத்தவுக ஆமென் ஆமென்னாக. எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துட்டு. ஏன்னா என் சோலியே கூப்பிடுற சோலிதான். கண் ஆஸ்பத்திரி ஓ.பி.யில இருபத்தொரு வருசமாப் பேர் கூப்பிடுதேன். மைக்குல கூப்பிட்டா ஹால் முழுக்கக் கேக்கும், இருநூறு பேர் காதுலயும் விழும், ஆனா எந்திரிக்கிறது ஒருத்தர்தான். சிலவுக பேரு முடியுறதுக்குள்ள ஓடி வருவாக. எங்க வீட்டுக்காரர் அந்த ரகம். சிலவுகளுக்கு மூணு தடவை கத்தணும். சிலவுகளுக்குக் கத்தியும் பிரயோசனம் இல்ல. சுப்பையாக் கோனார்னு ஒரு தாத்தா, காது சுத்தமாக் கேக்காது, கண்ணுலயும் புரை. முதல் வரிசையில வந்து உக்காந்துக்கிட்டு நான் யார் பேரைக் கூப்பிட்டாலும் எந்திரிச்சு வருவாரு. "தாயீ, கூப்பிட்டியளா? என்னையா?" பிலோமினான்னு கூப்பிட்டாலும் வருவாரு. உங்களை இல்ல தாத்தா, உக்காருங்க. அடுத்த பேருக்கும் வருவாரு. "என்னையா தாயீ?" எனக்கு ஒருநாள் கோவம் தலைக்கு ஏறிட்டு. "ஏன் தாத்தா உயிரை வாங்குதீக? உங்க பேர் வரும்போது நானே வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், அசையாம இரும்"னு அவர் காதுக்குள்ள கத்திட்டேன். மொத்த ஹாலும் திரும்பிப் பார்த்துச்சு. அவர் சிரிச்சுக்கிட்டு, சரி தாயீன்னு உக்காந்துட்டாரு.

இதை எதுக்கு இப்ப நினைக்கேன்? மூணு பேர்தான் இருக்கு, ஜெபம் பண்ணாம ஆஸ்பத்திரியை நினைக்கேன். இல்ல, இது ஜெபம்தான், இரு, இதுல ஒண்ணு இருக்கு. அந்தத் தாத்தா ஃபைல். மறுபரிசோதனைக்கு வர்றவுக ஃபைலெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே ரெக்கார்டு ரூமுல இருந்து எடுத்து என் மேஜையில அடுக்கிருவேன். ஆள் ஊர்ல இருந்து பஸ் ஏறியே இருக்கமாட்டாக, பேரு என் மேஜையில இருக்கும். அந்தத் தாத்தா காலையில இருந்து என்னையா என்னையான்னு பதறிக்கிட்டு இருந்த நேரமெல்லாம் அவர் ஃபைல் என் முழங்கைக்குக் கீழதான் இருந்துச்சு. அவருக்குத்தான் தெரியாது. முறை வந்தப்ப நான் மைக்கைத் தொடக்கூட இல்ல. எந்திரிச்சுப் போயி தோளைத் தொட்டேன், அவர் வந்தாரு. உங்களை எத்தனை மணிக்கு தாத்தா கூப்பிட்டாகன்னு டாக்டர் அவர்கிட்டக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு? ஒரு சத்தமும் கேக்கல ஐயான்னுதான சொல்லியிருப்பாரு. அப்ப அவரைக் கூப்பிடலன்னு ஆயிருமா? டாக்டருக்கு எதிர்லதான உக்காந்திருக்காரு! அட கர்த்தாவே. ஆனா நான் உம்முடைய ஃபைல்ல இருக்கேனான்னு எனக்கு எப்படித் தெரியும்? அங்கதான் வந்து முட்டுது. தாத்தாவுக்கு ஃபைல் இருந்துச்சு. எனக்கு இல்லன்னா? அம்பத்திரெண்டு வருசமா வேற யார் பேரையோ கூப்பிட்டதுக்கு நான் எந்திரிச்சு எந்திரிச்சு வந்துக்கிட்டு இருக்கேன்னா? புருசன் பேருக்கு நான் வந்து நிக்கேன்னா? பயம்தான், பயம்னே சொல்லு, பயமா இருக்கு எனக்கு.

மரகதம் இறங்கிட்டா. இவளுக்கு அடுத்து இன்னொரு தம்பி, அதுக்கு அடுத்து நான். கணீர்னு சொல்லுதா, ரயில்வே கேட் பக்கத்துல சாகப்போனாளாம், யாரோ அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாகளாம், திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்லையாம், ரயில் போயிட்டாம். தேதி சொன்னா, கிழமை சொன்னா, ரயில் பேர்கூடச் சொன்னா. எனக்குப் பொறாமை. ஆமா, சாகப்போனவளைப் பார்த்துப் பொறாமைப்படுதேன், நான் அவ்வளவு கேடுகெட்டவ. அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கார். என் பேரை யார் கூப்பிடுதா? ஆஸ்பத்திரியில சிஸ்டர், வீட்டுல ஏளா, சபையில மூப்பரம்மா. நாள் பூராவும் ஊரான் பேரையெல்லாம் கூப்பிட்டுக்கிட்டு என் பேரை நான் கேட்டு எத்தனை நாள் ஆச்சு. பாருங்க ஆண்டவரே, ஒரு சத்தம், ஒரே ஒரு தடவை, குடுத்தா உமக்கு என்ன குறைஞ்சிரும்? இதைத்தான் தினமும் காலையில அஞ்சு மணிக்குக் கேக்கேன். காபி போடுறதுக்கு முந்தி முழங்கால் போட்டு உக்காந்துக்கிட்டு உம்ம கூடச் சண்டை போடுறதுதான் என் வேலையா இருக்கு. ஒருநாள் இவுக எந்திரிச்சு வந்து, ஏளா, யார்கிட்டக் கத்துதேன்னாக. உங்ககிட்ட இல்ல, போய்ப் படுங்கன்னேன். இரு. யார்கிட்டக் கத்துனேன்? இல்லாத ஆள்கிட்ட மனுசி இத்தனை வருசம் சண்டை போடுவாளா? நான் சண்டை போடுறதுக்கு ஒரு முறை இருக்கு. வேண்டாதவுகிட்ட நான் பேசவே மாட்டேன், முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன். எனக்கு வேணும்கிறவுகிட்டத்தான் மல்லுக்கட்டுவேன். என் தம்பிக்குத் தெரியும். புது வீடு பிரதிஷ்டைக்கு நேர்ல வந்து கூப்பிடாம வாட்ஸ்அப்புல பத்திரிகை அனுப்பிவிட்டான், கூடப்பிறந்தவளுக்கு. போகலியே. இவுக மட்டும் போயி பிரியாணி தின்னுட்டு வந்தாக. மறுவாரம் தம்பி பொண்டாட்டியோட வந்து தட்டுல வெத்திலை பாக்கு பழம் வச்சு, அக்கா, தப்பாப் போச்சு, வாங்கன்னான், அப்பத்தான் போனேன். கூப்பிடாத எடத்துக்குப் போற காலு இல்ல இது. பொறந்ததுல இருந்து போனது இல்ல. அம்மா செத்த அன்னைக்குத் தவிர வேற எந்த வாசல்லயும் நான் கூப்பிடாம மிதிச்சது இல்ல. அப்படிப்பட்ட காலு.

அப்படிப்பட்ட காலு இப்ப எங்க நிக்கு? தாமிரபரணி மணல்ல நிக்கு. ரெண்டு தடவை திருப்பி அனுப்பின பிறகும் மூணாவது தடவையா வந்து நிக்கு. மெமோ குடுத்தா மறுநாளே வேலையை விட்டுருவேன்னு ஆஸ்பத்திரி சூப்பரிண்டண்டுகிட்டச் சொன்னவ, ரெண்டு தடவை வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனவ, மானம் ரோஷம் எல்லாத்தையும் வீட்டுல வச்சுட்டு பதினோரு ஊக்கைக் குத்திக்கிட்டு வந்து நிக்கேன். இது நானா வந்த வரத்தா? என் சுபாவம் எனக்குத் தெரியும். நானா வந்திருக்கவே மாட்டேன். அந்தத் தம்பி முங்கிட்டான். எந்திரிச்சுட்டான். பாட்டு. யாரோ பின்னால இருந்து, மூப்பரம்மா, போங்கங்காக. போறேன், தள்ளாதீக. தண்ணி கணுக்கால், முழங்கால், ஐயோ என்ன குளிர், சேலை ஒட்டுது, கூழாங்கல் வழுக்குது, பாஸ்டரையா கையை நீட்டுதாக, பிடிச்சுக்கிட்டேன். கரையைப் பார்க்கக் கூடாது. பார்த்துட்டேன். மஞ்சத் துண்டு. மன்னிச்சுக்கிடுங்க, உங்களைத் தலைகுனிய வைக்கப்போறேன்.

"சொல்லுங்க சிஸ்டர். கர்த்தர் உங்களை எப்பக் கூப்பிட்டார்?"

"ஃபாரத்துல எழுதின தேதி பொய் ஐயா." மைக்குல என் குரலே எனக்கு ஆஸ்பத்திரிக் குரலாக் கேக்குது, கரை முழுக்கக் கேக்குது. "அது எங்க வீட்டுக்கு கேஸ் வந்த தேதி. ரோஷத்துல எழுதிட்டேன். எங்க வீட்டுக்காரர்கிட்டயும் பொய் சொன்னேன். எனக்குத் தேதி கிடையாது."

பாட்டு நின்னுட்டு. பாஸ்டரையா என் கையை விடல, ஆனா முகம் மாறிட்டு. மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரிச் சொல்லுதாக, "அப்ப இன்னும் காத்திருப்போமாம்மா? கூப்பிடட்டும்." வந்துட்டு, பயந்த வார்த்தை வந்துட்டு. மூணாவது தடவை. ஏறிப் போயிரலாம், நாலு எட்டு வச்சாக் கரை. கால் நகரமாட்டேங்குது. இப்பத் தெரியுது, இந்தக் கால் பின்னால இழுக்கல, இங்கேயே ஊணிக்கிட்டு நிக்கு.

"மாட்டேன் ஐயா. நான் போகமாட்டேன். எனக்குச் சத்தம் கேக்கல, நெசம்தான். ஆனா கூப்பிடாத எடத்துக்கு நான் பொறந்ததுல இருந்து போனது கிடையாது. கூடப்பிறந்த தம்பி வீட்டுக்கே போகல. இங்க மூணு தடவை வந்திருக்கேன். கூப்பிடாமலா வந்து நிக்கேன்?"

கரையில மணல் சரசரன்னு கேக்குது, யாரோ ஓடி வாராக. இவுகதான். செருப்போட தண்ணிக்குள்ள இறங்கிட்டாக, பை நனையுது, என் மாத்துச் சேலை நனையுது. "ஐயா! அது நெசம் ஐயா! கூப்பிடாம இவ வரமாட்டா! முப்பது வருசமா நான் பட்டிருக்கேன், எனக்குத் தெரியும், கூப்பிடாம இவ எங்கேயும் வரவே மாட்டா!" சொல்லிக்கிட்டே அழுதாக, சிரிச்சாக, ரெண்டும் ஒண்ணா. கரையில யாரோ கொல்லுன்னு சிரிச்சுட்டாக, அது அப்படியே எல்லாருக்கும் பரவிட்டு. எனக்குக் கண்ணு நிறைஞ்சு பாஸ்டரையா முகம் கலங்கித் தெரியுது. அவுக சிரிக்கல. என்னையே பார்த்துக்கிட்டு நிக்காக, டாக்டர் லைட் அடிச்சுக் கண்ணுக்குள்ள பார்க்குற மாதிரி. பிறகு கரையில ஃபாரத்தை வச்சுக்கிட்டு நிக்கிற தம்பியைப் பார்த்துச் சத்தமாச் சொன்னாக, "தம்பி, சிஸ்டர் ஃபாரத்துல அந்தத் தேதியை அடிச்சிருங்க."

"வேற என்ன எழுதணும் ஐயா?"

"ஒண்ணும் எழுத வேண்டாம். பேரு இருக்குல்லா? பேரு போதும்."

ஒரு கை என் முதுகுல, ஒரு கை என் கை மேல. மூக்கைப் பிடிச்சுக்கிட்டேன். விலாவுல அந்த ஊக்கு இன்னும் குத்துது. தலைக்கு மேல வானம் வெளுத்துக்கிடக்கு. பாஸ்டரையா மூச்சை இழுத்து, ஆத்துக்கு அந்தப் பக்கம் மாடு குளிப்பாட்டுற ஆளுக்கும் கேக்குற மாதிரி, முழுசா, ஒரு எழுத்து விடாம என் பேரைச் சொன்னாக.

"லில்லிபுஷ்பம்!"

"இருக்கேன்"னேன். மூக்கைப் பிடிச்சிருந்ததுனால அது யாருக்கும் சரியாக் கேட்டிருக்காது.